இறகில் எழுதப்படும் கணக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வேய்ன்ஸ்பரோ என்றொரு சிறு நகரம் உள்ளது. அதன் ஊடாக ‘சவுத் ரிவர்’ என்னும் ஆறு ஓடுகிறது. அங்கிருந்த டூபாண்ட் நிறுவனத்தின் செயற்கை இழைத் தொழிற்சாலை 1929 முதல் 1950 வரை பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அதில் ஒரு பகுதி ஆற்றில் கலந்தது. ஆலை பாதரசத்தைக் கைவிட்டு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகே, 1970களில், ஆற்றில் பாதரசம் தங்கியிருப்பது வெளியே தெரிந்தது. ஆற்றின் போக்கில் 160 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு நீரும் வெள்ளச் சமவெளியும் பாதிக்கப்பட்டிருந்தன. ஆற்று மீன்களை உண்ண வேண்டாம் என அரசு மக்களை எச்சரித்தது.

அதன் பிறகும் நீண்ட காலம் அது மீன்களின் பிரச்சினையாகவே கருதப்பட்டது. ஆற்று நீரில் இருக்கும் நஞ்சு ஆற்றில் வாழும் உயிர்களையும் அவற்றை உண்பவர்களையும் மட்டுமே தாக்கும் என்பது இயல்பான எண்ணம்தான். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியைச் சேர்ந்த டேனியல் கிரிஸ்டால் தலைமையிலான ஆய்வாளர்கள் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றியது. மீனைத் தொடாத, ஆற்றில் இறங்காத, கரையோரப் புதர்களில் பூச்சி பொறுக்கி வாழும் பாடும் பறவைகளின் இரத்தத்திலும் இறகுகளிலும் பாதரசம் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். ஆற்றிலிருந்த நஞ்சைக் கரைக்கு ஏற்றிவந்ததில் பெரும்பங்கு சிலந்திகளுக்கு இருந்தது. பறவைகள் சிலந்திகளைத் தின்றன. சிலந்திகளின் உடலில் பாதரசம் செறிந்திருந்தது.

பறவையியல் என் துறை அன்று. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூழல் மாசு குறித்துப் பொருளியல் எழுப்பும் மிகப் பழைய கேள்விக்கு ஒரு சின்னஞ்சிறு இறகு விடை தேடித் தருகிறது. சேதம் எவ்வளவு, அதற்கு யார் பணம் தருவது என்பதே அந்தக் கேள்வி.

இறகு எப்படிப் பதிவேடாகிறது?

பறவையின் இறகு நம் முடியையும் நகத்தையும் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இந்தப் புரதத்தில் கந்தகம் கொண்ட பகுதிகள் மிகுதி. பாதரசம் போன்ற கன உலோகங்களுக்குக் கந்தகத்துடன் இறுகப் பிணையும் தன்மை உண்டு. முளைத்து வளரும்போது இறகின் அடித்தண்டுக்குள் இரத்தக் குழாய்கள் இருக்கும். அப்போது இரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அது இறகுக்குள்ளும் செல்லும். வளர்ச்சி முடிந்ததும் அந்தக் குழாய்கள் வற்றிவிடும். உடலுக்கும் இறகுக்கும் இடையிலான போக்குவரத்து அத்துடன் நின்றுபோகும். உள்ளே பிணைந்த உலோகம் பிறகு வெளியேறுவதில்லை.

ஆகவே, ஓர் இறகு என்பது அது வளர்ந்த சில வாரங்களின் இரத்த நிலையைப் பதிந்து முத்திரையிட்ட ஆவணம். பறவைகள் குறிப்பிட்ட பருவத்தில் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்கின்றன. தம் உடலில் சேர்ந்த பாதரசத்தின் பெரும்பகுதியை இவ்வாறு இறகுகளுக்கு அனுப்பி, உதிர்த்துவிடுவதும் அவற்றுக்கு ஒரு கழிவு நீக்க வழியாக அமைந்திருக்கிறது. இறகில் காணப்படும் பாதரசம் ஏறத்தாழ முழுவதும் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய வடிவில்தான் இருக்கும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாப் பகுதி மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்ததும் இதே வடிவம்தான்.

ஆய்வு முறையும் எளிது. முன்பெல்லாம் உடலில் சேர்ந்த உலோகத்தை அளக்கப் பறவையைக் கொன்று ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது பயிற்சி பெற்ற ஒருவர் வலையில் பறவையைப் பிடித்து, வால் இறகு ஒன்றையோ மார்புப் பகுதியின் சில தூவிகளையோ எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடலாம். எடுத்த இடத்தில் சில வாரங்களில் புதிய இறகு முளைத்துவிடும். ஆய்வகத்தில் இறகைக் கழுவி, உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கருவிகளின் உதவியால் காரீயம், காட்மியம், ஆர்சனிக், செம்பு போன்றவற்றின் அளவைக் கணிக்கலாம். இறகைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. ஒரு காகித உறையிலிட்டு ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கலாம். நூறாண்டு கழித்தும் அளக்கலாம்.

பாடும் பறவைகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அவை எண்ணிக்கையில் மிகுதி. பல இனங்கள் கூடு கட்டும் காலத்தில் ஒரு சிறு எல்லைக்குள்ளேயே இரை தேடுகின்றன. அதனால் அவற்றின் இறகு அந்த எல்லையின் நிலையைச் சொல்கிறது. பூச்சியும் சிலந்தியும் தின்பதால் உணவுச் சங்கிலியின் மேற்படியில் இருக்கின்றன. கீழ்ப்படிகளில் சிறிது சிறிதாக இருக்கும் நஞ்சு அவற்றில் திரண்டு தெரிகிறது. உயிரியல் வகைப்பாட்டின்படி காகமும் சிட்டுக்குருவியும்கூடப் பாடும் பறவைகள் வரிசையில்தான் அடங்கும். மனிதர் வாழும் இடமெல்லாம் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடைத்த சான்று

இறகை வரலாற்று ஆவணமாக வாசிக்கும் முறை ஸ்வீடனில் வலுப்பெற்றது. பூஞ்சை தாக்காமலிருக்க விதைகளைப் பாதரசச் சேர்மத்தில் நேர்த்தி செய்யும் வழக்கம் 1940களில் அங்கே பரவியது. 1950களில் வயல்வெளிப் பறவைகள் இறந்து கிடப்பது கவனத்துக்கு வந்தது. விதையில் பூசிய பாதரசம்தான் காரணமா, அல்லது பாதரசம் எப்போதும் அந்த அளவில் இருந்துவந்ததா? பழைய அளவு தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது.

விடை அருங்காட்சியகங்களில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளின் இறகுகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்தனர். நூறாண்டு காலப் பறவை இறகுகளின் பாதரச அளவை ஆராய்ந்த அவர்களுடைய கட்டுரை 1966இல் வெளியானது. விதை தின்னும் பறவைகளிலும் அவற்றை வேட்டையாடும் பறவைகளிலும் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பாதரச அளவு, 1940களில் செங்குத்தாக ஏறியிருந்தது. ஏற்றத்தின் காலமும் விதைநேர்த்தி பரவிய காலமும் பொருந்தின. அதே ஆண்டில் ஸ்வீடன் அந்த வகைப் பாதரச விதைநேர்த்தியைத் தடை செய்தது. அதன்பின் நிலப்பறவைகளில் அளவு இறங்கத் தொடங்கியது. ஒரு கொள்கை முடிவின் காரணமும் அதன் விளைவும் இறகிலேயே பதிவாகியிருந்தன.

பொருளாதார வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இன்னொரு ஆய்வு சுவையானது. அதில் அளக்கப்பட்டது கன உலோகம் அன்று, கரிப்புகை. ஆனால் வாசிக்கும் முறை ஒன்றே. அமெரிக்காவின் தொழில் நகரங்களைச் சுற்றி 135 ஆண்டுகளில் சேகரிக்கப்பட்ட 1,300க்கும் மேற்பட்ட பறவைகளை சிகாகோ ஆய்வாளர்கள் இருவர் ஒளிப்படம் எடுத்து, இறகில் படிந்த கரியின் அடர்த்தியைக் கணித்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வில், 1930களின் பெருமந்தக் காலத்தில் நிலக்கரிப் பயன்பாடு சரிந்தபோது பறவைகளும் வெளுத்திருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆலைகள் முழுவீச்சில் இயங்கியபோது மீண்டும் கறுத்தன. பின்னர் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் எரிபொருள் மாற்றமும் வந்தபோது படிப்படியாகத் தெளிந்தன. உற்பத்திப் புள்ளிவிவரங்களில் நாம் தேடும் ஏற்ற இறக்கத்தை அந்தப் பறவைகள் தம் வயிற்றுத் தூவியில் சுமந்திருந்தன.

ஆலையின் நிழல் எவ்வளவு தூரம்?

காலத்தைப் போலவே தூரத்தையும் இறகு காட்டும். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரை ஒட்டிய ஹோபோக்கனில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் உலோக உருக்காலை இருக்கிறது. அதைச் சுற்றிப் பல தொலைவுகளில் ஆய்வாளர்கள் கூடுபெட்டிகளை வைத்தனர். அவற்றில் குடியேறியது ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் ஒரு சிறு பறவை. நம் மலைப்பகுதிகளில் பட்டாணிக் குருவி என்று வழங்கப்படும் பறவையின் நெருங்கிய உறவு. கூட்டிலிருந்த குஞ்சுகளின் இறகுகளையும் எச்சத்தையும் அளந்தபோது, ஆலையை நெருங்க நெருங்கக் காரீயம் முதலான உலோகங்களின் அளவு உயர்ந்தது, விலகும்போது இறங்கியது. குஞ்சு எங்கும் பறந்து சென்றதில்லை. அதன் உடலில் இருக்கும் உலோகம் தாய்ப்பறவை அந்த வட்டாரத்தில் திரட்டி ஊட்டிய இரையின் வழியாக வந்தது. இதைவிடத் துல்லியமான முகவரி கிடைப்பது அரிது.

ஹோபோக்கனில் மனிதர்களும் வாழ்கிறார்கள். ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்பின் குழந்தைகளுக்குப் பல்லாண்டுகளாக இரத்தப் பரிசோதனை நடந்துவருகிறது, அளக்கப்படுவது காரீயம். 2020இல் அந்த அளவு உயர்ந்தபோது, ஆலையை நடத்தும் யூமிகோர் நிறுவனம் மிக அருகிலுள்ள வீடுகளை விலைகொடுத்து வாங்கி அங்கே பசுமை வளையம் அமைக்க முன்வந்து, அதற்காக 5 கோடி யூரோ ஒதுக்கியது. பறவைக் குஞ்சின் இறகில் தெரிந்த அதே சரிவு, குழந்தைகளின் இரத்தத்திலும் வீட்டு விலையிலும் தெரிகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பின்லாந்தின் ஹர்யவால்டாவில் உள்ள செம்பு-நிக்கல் உருக்காலையின் கதை ஆறுதல் தருவது. டுர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கம் முதல் அங்குள்ள கூடுபெட்டிகளைக் கவனித்துவருகின்றனர். ஆலைக்கு அருகில் ஈப்பிடிப்பான் வகைப் பறவையின் முட்டை ஓடுகள் மெலிந்தன, இனப்பெருக்கம் குன்றியது. ஆலை தன் உமிழ்வைக் கணிசமாகக் குறைத்தபின் அந்தப் பறவையின் இனப்பெருக்கம் மீண்டெழுந்ததை அவர்கள் 2000இல் ‘நேச்சர்’ இதழில் பதிவுசெய்தனர். மாசு குறைந்தால் பலன் எப்போது தெரியும் என்று கேட்கும் நிதியமைச்சகங்களுக்கு இது போன்ற தொடர் கண்காணிப்பே பதில் சொல்லும்.

அளவிலிருந்து சேதத்துக்கு

இறகில் உலோகம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. இருந்தால் என்ன நேரும் என்று ஆலை நிர்வாகம் கேட்கும், நீதிமன்றமும் கேட்கும். இங்கேதான் வர்ஜீனியா ஆய்வுகள் முக்கியமானவை. கரோலினா ரென் என்பது அந்த ஆற்றங்கரையில் ஆண்டு முழுவதும் தங்கி வாழும் சிறு பழுப்புப் பறவை. பாதரச அளவு உயர உயர, அந்தப் பறவை கூடு கட்டிக் குஞ்சுகளைப் பறக்கவிடும் வாய்ப்பு குறைவதை 2011இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. உடல் இறகில் ஒரு கிராமுக்கு 2.4 மைக்ரோகிராம், அல்லது வால் இறகில் 3 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தால், கூடுகளின் வெற்றி விகிதம் 10 சதவீதம் குறையும் என்பது அதன் மதிப்பீடு. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பாட்டும் தப்பவில்லை. மாசடைந்த கரையில் வாழும் ரென் முதலிய பறவைகளின் பாடல்கள், தூய்மையான கரைகளில் வாழும் அதே இனத்தின் பாடல்களைவிட எளிமையானவை என்பதும் அங்கே பதிவாயிற்று. ஹோபோக்கன் ஆலைக்கு அருகிலிருந்த ஆண் பறவைகள் விடியற்காலையில் குறைவாகப் பாடின. அவற்றின் பாடல் வகைகளும் குறைந்திருந்தன. பாடும் பறவைகள் பாட்டை இளமையில் கேட்டுக் கற்கின்றன. மூளை வளரும் பருவத்தில் சேரும் நஞ்சு கற்றலைப் பாதிக்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. காரீயமும் பாதரசமும் மனிதக் குழந்தைகளிடம் முதலில் தாக்குவதும் மூளை வளர்ச்சியைத்தான்.

கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பிகூ, 1920இல் வெளியிட்ட நூலில், ஒருவருடைய உற்பத்தி நடவடிக்கையின் தீங்கு அந்த உற்பத்தியில் பங்கில்லாத மற்றவர் தலையில் விழுவதையும், அந்தச் செலவு சந்தை விலையில் சேர்வதில்லை என்பதையும் விளக்கினார். இதையே புறவிளைவு என்கிறோம். தீங்கு செய்பவர்மீது தீங்குக்கு ஈடான வரி விதிக்க வேண்டும் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. நூறாண்டுகளாக வகுப்பறைகளில் இதைக் கற்பித்துவருகிறோம். ஆனால் ‘தீங்குக்கு ஈடான’ என்ற சொல்லில் முழுச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தீங்கை அளக்காமல் ஈட்டை எப்படி நிர்ணயிப்பது? அளவு இல்லாத இடத்தில் வழக்கறிஞர்களின் வாதத்திறனே விலையை நிர்ணயிக்கும். அங்கே ஆலைக்கு இருக்கும் வலிமை ஆற்றங்கரை மக்களுக்கு இருப்பதில்லை.

அமெரிக்காவில் 1980இல் இயற்றப்பட்ட ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் இரண்டு பொறுப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறது. மாசைத் துப்புரவு செய்வது ஒன்று. மாசு இருந்த காலமெல்லாம் பொதுச் சொத்தாகிய இயற்கை வளங்களுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது இன்னொன்று. இரண்டாவதை மக்களின் சார்பில் கோருவதற்கு அரசு அமைப்புகளே அறங்காவலர்களாக நிற்கின்றன. சவுத் ரிவர் தொடர்பாக 2016இல் எட்டப்பட்ட உடன்பாட்டில் டூபாண்ட் நிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டாலர் மதிப்பிலான ஈட்டுக்கு ஒப்புக்கொண்டது. நிலப் பாதுகாப்பு, நீரின் தரம், நன்னீர் மட்டிகள், மீன் வளர்ப்பு ஆகியவற்றோடு வலசை வரும் பாடும் பறவைகளின் வாழிட மீட்பும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. பறவைகள் பாதிக்கப்பட்டன என்பதை இரத்தமும் இறகும் எண்களில் காட்டியிராவிட்டால், அந்தப் பட்டியலில் பறவைகளின் பெயர் ஏறியிருக்குமா என்பது ஐயமே.

எல்லைகளும் உண்டு

எந்த அளவுகோலையும் அதன் குறை தெரிந்தே கையாள வேண்டும். இறகின் வெளிப்புறத்தில் புழுதியும் புகையும் படியும். பாதரசத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி இரத்தத்தின் வழியாக வந்ததுதான். காரீயம் முதலிய பிற உலோகங்களில் கணிசமான பங்கு வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். கழுவினாலும் அது முற்றிலும் போய்விடாது. அதனால்தான் காற்றில் அதிகக் காலம் அலையாத குஞ்சுகளின் புதிய இறகுகளை ஆய்வாளர்கள் விரும்புகின்றனர்.

வலசை போகும் பறவையின் இறகு வேறு நாட்டில் வளர்ந்ததாக இருக்கலாம்; அதைக்கொண்டு உள்ளூர் ஆலையைக் குற்றம் சாட்டுவது நியாயமன்று. ஒரே பறவையில்கூட முதலில் முளைத்த சிறகிறகில் பாதரசம் கூடுதலாகவும், உடலிலிருந்து அது வெளியேறிய பிறகு முளைத்தவற்றில் குறைவாகவும் இருக்கும். எனவே எந்த இறகை எடுப்பது என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். பழைய அருங்காட்சியக மாதிரிகள் சிலவற்றில், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக்கையும் பாதரச உப்பையும் பூசியிருப்பார்கள்; அவற்றை அப்படியே அளந்தால் பாடம் செய்தவரின் மருந்தைத்தான் அளப்போம். உணவிலிருந்து வந்த மெத்தில் பாதரசத்தைத் தனியே பிரித்து அளப்பது இதற்கு வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையின் இறகு மனிதரின் இரத்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது. எங்கே, யாரை, எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று வழிகாட்டும் கருவி அது. குழந்தைகளின் இரத்தம் சொல்லும்வரை காத்திருப்பது தாமதம். அதற்கு முன்பே சொல்லக்கூடிய ஒன்று இருக்கும்போது அதைக் கேளாதிருப்பது அலட்சியம்.

நமக்கு இதில் என்ன?

மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் மூலம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவர் செலவேற்கும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவரையே சாரும் என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததுடன், சூழல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் வழிசெய்தது.

கோட்பாடு நம்மிடம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. அளவுகோல் போதவில்லை. ஆலையின் புகைபோக்கியில் என்ன வருகிறது, கழிவுநீர்க் குழாயில் என்ன வருகிறது என்பதை நம் கட்டுப்பாட்டு வாரியங்கள் பெரும்பாலும் அளக்கின்றன. வெளியே வந்தது எந்த உயிருக்குள் எவ்வளவு நுழைந்தது என்பது தொடர்ந்து அளக்கப்படுவதில்லை.

கொடைக்கானல் வெப்பமானி ஆலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து 1980களில் அங்கே கொண்டுவரப்பட்ட அந்த ஆலை, நகரின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்ட பின், 2001இல் மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனத்துக்கும் 591 முன்னாள் தொழிலாளர் தரப்புக்கும் இடையே 2016இல் உடன்பாடு ஏற்பட்டது. வர்ஜீனியா உடன்பாடும் அதே ஆண்டில் வந்தது. அங்கே ஈடு பெற்றவை ஆறும் மீனும் பறவையும். இங்கே ஈடு பெற்றவர்கள் தொழிலாளர்கள். இங்கே நடந்ததைக் குறைத்து மதிப்பிடவில்லை. நெடிய போராட்டத்தின் விளைவு அது. ஆனால் அந்த மலைச்சரிவின் சோலைக்காட்டுக்கு நேர்ந்தது என்ன என்ற இரண்டாவது கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

ஆலை வளாக மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுவரை துப்புரவு செய்தால் போதுமா என்ற விவாதம் நீண்ட காலம் நடந்தது. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இந்த விவாதத்தை முடிக்க இயலாது. எவ்வளவு உயிர்களுக்குள் செல்கிறது என்பதே கேள்வி. துப்புரவுக்கு முன்பும் பின்பும், சோலையில் நிலையாகத் தங்கிப் பூச்சி தின்னும் பறவைகளின் இறகுகளை அளந்தால், இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு விடை கிடைக்கும். துப்புரவு நன்றாக நடந்திருந்தால் அதைப் பறைசாற்றும் உரிமையும் நிறுவனத்துக்குக் கிடைக்கும்.

இதைச் செய்ய ஆற்றல் இல்லாத நாடு அன்று நம்முடையது. கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம் நீலகிரிப் பறவைகள் உள்ளிட்டவற்றின் உடலில் உலோகங்களை அளந்து ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறது. மும்பை, கொல்கத்தா அருங்காட்சியகங்களில் பிரிட்டிஷ் காலம் முதல் சேகரித்த பறவை மாதிரிகள் இருக்கின்றன; தொழில்மயத்துக்கு முந்தைய அளவு அவற்றில் காத்திருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வகங்களில் கருவிகள் இருக்கின்றன. சிட்டுக்குருவிகளுக்குக் கூடுபெட்டி வைக்கும் ஆர்வமுள்ள பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இல்லாதிருப்பது இவற்றை இணைக்கும் ஓர் ஆணை.

என் பரிந்துரை எளியது. கன உலோகங்களைக் கையாளும் பெரிய ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி, அருகிலும் தொலைவிலுமாகக் கூடுபெட்டிகளை நிறுவ வேண்டும். மாசற்ற ஓரிடத்திலும் ஒப்பீட்டுக்காக வைக்க வேண்டும். குண்டுகரிச்சான், சிட்டுக்குருவி போன்ற, பொந்திலும் பெட்டியிலும் கூடு வைக்கும் உள்ளூர்ப் பறவைகளின் குஞ்சுகளிலிருந்து, வனத்துறையின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே சில இறகுகளை எடுக்க வேண்டும். ஆர்வத்தால் பொதுமக்கள் கூடுகளைக் கலைப்பது சட்டப்படியும் குற்றம், பறவைக்கும் கேடு. அளவீட்டுச் செலவை ஆலை ஏற்க வேண்டும். அளப்பதை ஆலையோடு தொடர்பற்ற பல்கலைக்கழகம் செய்ய வேண்டும். முடிவுகள் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். எடுத்த இறகுகளில் பாதியைக் காகித உறையிலிட்டுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். இன்று நாம் கேட்கத் தெரியாத கேள்வியை நாளைய ஆய்வாளர் அதனிடம் கேட்பார்.

மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் உறுதிசெய்து ஏற்றுக்கொண்டது. உயிரினங்களில் பாதரச அளவைக் கண்காணிப்பது, அந்த உடன்படிக்கை பயன் தருகிறதா என்று மதிப்பிடும் வழிகளில் ஒன்று. ஆகவே இது புதிதாக ஏற்கவேண்டிய சுமையன்று. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமையை நிறைவேற்றும் மலிவான வழி.

வேய்ன்ஸ்பரோ ஆலை பாதரசத்தை நிறுத்தியது 1950இல். ஆற்றங்கரைப் பறவைகளின் இறகு அளக்கப்பட்டது அரை நூற்றாண்டுக்கும் பிறகு. ஈடு முடிவானது 2016இல். இடைப்பட்ட 66 ஆண்டுகளில் அந்த ஆற்றங்கரையில் எத்தனை கூடுகள் வெறுமையாயின என்று எவரும் எண்ணவில்லை. நம் ஆலைகளைச் சுற்றி இந்த ஆண்டின் குஞ்சுகள் இப்போது இறகு வளர்த்துக்கொண்டிருக்கின்றன. சில மாதங்களில் அவை உதிரும். அவற்றில் பதிந்திருப்பதைப் படித்து வைத்துக்கொண்டால், வேலூர்த் தீர்ப்பு நமக்குத் தந்த உரிமையை நீதிமன்றத்தில் எண்களோடு கேட்கலாம்.